நீரமானியும் நிழற்படமும்
கரைசல்களின் தன்னீர்ப்பை அளந்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வில்லைகளையும் கமெராக்களையும், அவற்றைக் கையாண்ட கலைஞரையுமே முதன்மைப்படுத்தியுள்ளனர். ஒளி புகாத சிற்றறையிலே கண்ணாடித் தொட்டிகளுக்கும் போத்தல்களுக்கும் நடுவில் நடைபெற்ற வேலை அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும் ஒரு படம் தெளிவாக அமைவதும் மங்கலாக அமைவதும், நூறாண்டு நிலைப்பதும் பத்தாண்டில் மஞ்சளித்து மறைவதும் பெருமளவுக்கு அவ்வறையிலேயே தீர்மானிக்கப்பட்டன. அங்கே வழங்கிய கருவிகளுள் மிக எளியது நீரமானி. ஒரு கண்ணாடிக் குமிழ், அதன் அடியிற் சிறிது ஈயக்குண்டு அல்லது இரசம், மேலே அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய தண்டு என்பனவே அதன் உறுப்புக்கள். அது திரவத்தில் எவ்வளவு ஆழம் அமிழ்கின்றது என்பதைக் கொண்டு அத்திரவத்தின் தன்னீர்ப்பை, அதாவது நீரோடு ஒப்பிடும்போது அது எத்தனை மடங்கு பாரமானது என்பதை, அறிந்து கொள்ளலாம்.

இவ்வெளிய கருவியை நிழற்படக் கலைஞர் எதற்காக நாடினர், அது அவர்களுக்கு எதனை உணர்த்திற்று, எதனை உணர்த்தத் தவறிற்று என்னும் வினாக்கள் வெறும் தொழில்நுட்ப வினாக்கள் அல்ல. ஓர் எண்ணை அளந்து பெற்றவுடன் பொருளை அறிந்துவிட்டதாகக் கருதும் மனப்பாங்கு எல்லாத் துறைகளிலும் காணப்படுவது. அம்மனப்பாங்கின் பயனையும் எல்லையையும் நிழற்படக் கரைசல்களின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

நீரமானியின் பூர்வீகம்

மிதக்கும் பொருள்கள் பற்றிய ஆக்கிமிடீசின் தத்துவமே நீரமானிக்கு அடிப்படை. மிதக்கும் பொருளொன்று தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள திரவத்தை இடம்பெயர்க்கும். ஆகவே திரவம் பாரமானதாயின் கருவி குறைவாகவும், இலேசானதாயின் கூடுதலாகவும் அமிழும். கி.பி. 400 அளவில் வாழ்ந்த சினேசியசு என்பார் அலெக்சாந்திரிய அறிஞரான ஐபேசியாவுக்கு எழுதிய கடிதமொன்றில் இத்தகைய கருவியொன்றைச் செய்வித்துத் தரும்படி வேண்டியுள்ளார். 1121ஆம் ஆண்டில் அல்காசினி எழுதிய தராசு பற்றிய நூலிலும் இக்கருவி விவரிக்கப்பட்டுள்ளது. நவீன காலத்தில் இதனை மீண்டும் அறிமுகப்படுத்தியவருள் உறொபேட்டு பொயில் குறிப்பிடத்தக்கவர். 1675ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் இக்கருவி நாணயங்களின் தூய்மையைச் சோதிப்பதற்குரியதாக விதந்துரைக்கப்பட்டது. விலையுயர்ந்த உலோகத்தின் தரத்தை அறியும் ஆவலே அதற்குக் காரணம். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின்னர் நிழற்படக் கலைஞர் இதே கருவியைக் கொண்டு வெள்ளியைத் தேடப் புகுந்தமை ஒரு பொருத்தமான தொடர்ச்சியெனலாம்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கைத்தொழிலும் வரி விதிப்பும் நீரமானிக்குப் பெருவாழ்வு அளித்தன. பிரான்சிய மருந்தாளரான அந்துவான் போமே 1768இல் தமது அளவுத்திட்டத்தை வெளியிட்டார். நீரிலும் பாரமான திரவங்களுக்குரிய திட்டத்தில் தூய நீர் பூச்சியமாகவும், நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புடைய கரைசல் 15 பாகையாகவும் கொள்ளப்பட்டன. பிரித்தானியாவிலே 1816ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சைக்சு என்பாரின் நீரமானி மதுவரிக்குரிய கருவியாயிற்று. காரக் கைத்தொழில்களிலும் சாயத் தொழிலிலும் துவாடல் என்பாரின் அளவுத்திட்டம் வழக்கில் வந்தது. இத்திட்டத்தில் ஒரு பாகை என்பது தன்னீர்ப்பில் 0.005 உயர்வைக் குறிக்கும். ஒரே திரவத்துக்குப் பல்வேறு அளவுத்திட்டங்கள் பல்வேறு எண்களைத் தந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இதன் விளைவு பின்னர் நோக்கப்படும்.

வெள்ளித் தொட்டியும் வெள்ளிமானியும்

1839ஆம் ஆண்டில் தகேரின் முறையும் தால்பட்டின் முறையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் யோன் ஏர்ச்செல், தாம் 1819இலேயே கண்டறிந்திருந்த ஓர் உண்மையை நிழற்படக் கலைக்குப் பயன்படுத்தினார். இன்று சோடியம் தயோசல்பேற்று எனப்படும் உப்பு வெள்ளி ஏலைட்டுக்களைக் கரைக்கவல்லது என்பதே அவ்வுண்மை. ‘ஹைப்போ’ என்னும் பெயரால் நிழற்பட நிலையங்கள் தோறும் வழங்கிய நிலைநிறுத்தும் கரைசல் இதுவே. எனினும் கரைசல்களை அளந்து பேணும் தேவை நாள்தோறும் எழுந்தது, 1851இல் பிரெடறிக்கு சுகொட்டு ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையின் பின்னரேயாகும்.

இம்முறையில், வெடிபஞ்சை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்துப் பெற்ற கொலோடியனுடன் அயடைட்டு, புரோமைட்டு உப்புக்கள் சேர்க்கப்பட்டன. அக்கலவை கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்பப்பட்டது. பின்னர் தகடு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் நிறைந்த தொட்டியிற் சில நிமிடங்கள் அமிழ்த்தப்பட்டது. தகட்டின் மேல் வெள்ளி அயடைட்டு உண்டாகி ஒளிக்கு உணர்வுடையதாயிற்று. தகடு உலர்வதற்கு முன்னரே அதனைக் கமெராவில் வைத்துப் படமெடுத்து, பெரசுச் சல்பேற்றுக் கரைசலால் உருவைத் துலக்கி, பொற்றாசியம் சயனைட்டினாலோ ஹைப்போவினாலோ நிலைநிறுத்துதல் வேண்டும்.

இவற்றுள் விலை மிக்கதும் எளிதிற் கெடுவதும் வெள்ளித் தொட்டியே. பிரித்தானிய வழக்கில் ஓர் அவுன்சு நீருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிறெயின் வரையான வெள்ளி நைத்திரேற்று அதற்கு வேண்டப்பட்டது. வலுக் குறைந்தால் படம் மெலியும். ஒவ்வொரு தகடும் தொட்டியிலிருந்து வெள்ளியைக் கவர்ந்து செல்வதால், நாள் முடிவில் எவ்வளவு வெள்ளியைச் சேர்த்தல் வேண்டும் என்பது கலைஞரின் அன்றாடக் கவலையாயிற்று. இதற்கு விடையாகவே, தண்டில் அவுன்சுக்குரிய கிறெயின் எண்ணிக்கை நேரடியாகப் பொறிக்கப்பட்ட ஒரு வகை நீரமானி விற்பனைக்கு வந்தது. அதனை வெள்ளிமானி என அழைத்தல் பொருந்தும். கரைசலைக் குறுகிய உயர்ந்த சாடியில் ஊற்றி, கருவியை மெல்ல மிதக்கவிட்டு, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்து எண்ணை வாசித்தால் வேலை முடிந்தது. தராசும் வேண்டியதில்லை, இரசாயன அறிவும் வேண்டியதில்லை.

புதிதாகத் தயாரித்த தொட்டியைப் பொறுத்தவரை இக்கருவி உண்மையையே கூறிற்று. நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளி நைத்திரேற்றுடைய தூய கரைசலின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.088. எனவே நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளி உப்பு கூடுதலும் குறைதலும் எண்ணிலே ஏறத்தாழ 0.009 வேறுபாட்டை உண்டாக்கும். நல்ல கருவியொன்று இதனைத் தெளிவாகக் காட்டும். இடர்ப்பாடு தோன்றியது தொட்டி பழையதான பின்னரேயாகும்.

நூற்றுக்கணக்கான தகடுகள் அமிழ்ந்தெழும்போது வெள்ளி வெளியேறுவது மட்டும் நிகழ்வதில்லை. கொலோடியனில் இருந்த அற்ககோலும் ஈதரும் தொட்டிக்குள் இறங்குகின்றன. இவை நீரிலும் இலேசானவை. நூற்றுக்கு ஐந்து பங்கு அற்ககோல் நீரிற் கலந்தால் அதன் தன்னீர்ப்பு ஏறத்தாழ 0.009 குறையும். அதாவது அந்த அற்ககோல், நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளி உப்பின் பாரத்தை மறைத்துவிட வல்லது. மறுபுறம், கொலோடியனில் கட்மியம் அயடைட்டு இருந்ததெனில், அது வெள்ளி நைத்திரேற்றோடு தாக்கி வெள்ளி அயடைட்டையும் கட்மியம் நைத்திரேற்றையும் தருகின்றது. முன்னையது தகட்டோடு செல்ல, பின்னையது தொட்டியில் எஞ்சுகின்றது. தாக்கச் சமன்பாட்டின்படி 339.7 கிராம் வெள்ளி நைத்திரேற்று நீங்கும்போது 236.4 கிராம் கட்மியம் நைத்திரேற்று அதன் இடத்தைப் பெறுகின்றது. இந்த உப்பும் பாரமானது. ஆனால் படத்தை ஆக்குவதில் இதற்கு எவ்விதப் பங்கும் இல்லை.

ஆகவே பழைய தொட்டியிலே மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. வெள்ளி குறைந்தது, எண் தாழ்ந்தது. அற்ககோல் கூடியது, எண் மேலும் தாழ்ந்தது. வேற்று நைத்திரேற்றுக்கள் கூடின, எண் உயர்ந்தது. நீரமானி இம்மூன்றின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டிற்று. வெள்ளி பெரிதும் குறைந்த தொட்டியும் ‘போதிய வலுவுடையது’ எனத் தோன்றலாம், வெள்ளி போதிய அளவில் உள்ள தொட்டியும் ‘மெலிந்தது’ எனத் தோன்றலாம். கருவி பொய் கூறவில்லை. கேட்கப்பட்ட வினாவும் அது விடையளித்த வினாவும் வெவ்வேறாயின.

இந்த உண்மையை அக்காலத்தோர் அறியாதிருக்கவில்லை. தொட்டியை வெயிலில் வைத்துச் சேதனப் பொருள்களை வீழ்படியச் செய்தலும், அதனைக் கொதிக்க வைத்து அற்ககோலையும் ஈதரையும் போக்குதலும் வழக்கிலிருந்த பரிகாரங்கள். அதற்கு மேலாக, இரசாயனம் பயின்றோர் நியமிப்பு முறையை நாடினர். கே-லூசாக்கு 1832இல், நாணயச்சாலைகளில் வெள்ளியைச் சோதிக்கும்பொருட்டு, அளவறிந்த உப்புக் கரைசலைச் சேர்த்து வெள்ளியைக் குளோரைட்டாக வீழ்படிவிக்கும் முறையை வகுத்திருந்தார். செருமனியில் நிழற்பட இரசாயனத்தை வளர்த்த ஃபோகெல், பொற்றாசியம் அயடைட்டையும் மாப்பொருளையும் கொண்டு வெள்ளித் தொட்டியைச் சோதிக்கும் முறையைக் கையாண்டார். நியமிப்பு கூட்டுத்தொகையைக் கேட்பதன்று. வெள்ளியை மட்டுமே கேட்பது. இவ்வேறுபாடே பின்வந்த வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகும்.

வெப்ப நாடுகளின் இடர்

இவ்விடத்து இலங்கையின் தொடர்பு கருதத்தக்கது. 1868இல் ஆள்பதி எர்க்கியூலிசு உறொபின்சனின் காலத்தில் அமைக்கப்பட்ட தொல்பொருட் குழுவின் சார்பில், 1870-71ஆம் ஆண்டுகளில் யோசேப்பு இலோட்டன் என்னும் நிழற்படக் கலைஞர் அனுராதபுரம், பொலனறுவை முதலிய இடங்களின் அழிபாடுகளைப் படம் பிடித்தார். காடு மண்டிய நிலையில் அவ்விடங்கள் எவ்வாறு இருந்தன என்பதற்கு அப்படங்கள் இன்றும் சான்றாகின்றன. 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்த யூலியா மாகிரட்டு கமரன் அம்மையார் ஈரக் கொலோடியன் முறையிற் பெரும் புகழ் ஈட்டியவர். அவர் 1879இல் இத்தீவிலேயே காலமானார். இங்கு அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே.

ஈதரின் கொதிநிலை 34.6 பாகை சதமம். நண்பகலிலே 30 பாகைக்கு மேற்படும் வெப்பத்தில் கொலோடியனைத் தகட்டிலே பரப்புவதும், அது உலருமுன் எல்லா வேலைகளையும் முடிப்பதும் எத்தகைய இடர் என்பதை இவ்வெண்ணைக் கொண்டே ஊகிக்கலாம். நீரமானியும் அவ்வெப்பத்துக்கு விதிவிலக்கன்று. பிரித்தானியக் கருவிகள் பொதுவாக 60 பாகை பரனைற்றுக்கு, அதாவது 15.6 பாகை சதமத்துக்கு, அளவு குறிக்கப்பட்டவை. அவ்வெப்பநிலையில் நீரின் அடர்த்தி 0.9990, 30 பாகை சதமத்தில் 0.9957. வேறுபாடு 0.0033. பார்வைக்கு அற்பமான இவ்வெண், வெள்ளித் தொட்டியில் ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 பங்கு வெள்ளி உப்புக்குச் சமன். நூற்றுக்கு எட்டுப் பங்கு வெள்ளியுடைய தொட்டியின் வலு இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகக் கருவி காட்டும். திருத்தமின்றி அந்த எண்ணை நம்பியவர் தேவையற்ற வெள்ளியைத் தொட்டியில் கொட்டியிருப்பார். இலண்டனில் உண்மை பகர்ந்த கருவி கொழும்பிலும் உண்மை பகர வேண்டுமாயின் அருகில் ஒரு வெப்பமானியும் ஒரு திருத்த அட்டவணையும் இருத்தல் அவசியம்.

நிறையை விஞ்சிய நீரமானி

நீரமானியின் குறைகளை மாத்திரம் எடுத்துக் கூறுதல் முறையன்று. தராசு பிழைத்த இடத்தில் நீரமானி துணைநின்ற காலமும் ஒன்று உண்டு.

1871இல் இறிச்சாட்டு இலீச்சு மடொக்சு செலற்றினைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டதைத் தொடர்ந்து உலர் தகடுகள் வழக்கில் வந்தன. தகடுகளைத் தொழிற்சாலைகள் ஆக்கின. வெள்ளித் தொட்டி நிழற்பட அறையை விட்டு மறைந்தது. எனினும் உருத்துலக்கும் கரைசல்களைக் கலைஞரே கலக்க வேண்டியிருந்தது. பைரோகலோல் போன்ற உருத்துலக்கிகள் தொழிற்படுவதற்குச் சோடியம் காபனேற்று வேண்டப்பட்டது. அவை காற்றினாற் கெடாதிருக்கச் சோடியம் சல்பைற்றைச் சேர்க்கும் வழக்கம் 1880களில் பேக்கிலி என்பாரின் முயற்சியோடு பரவிற்று.

இவ்விரு உப்புக்களும் அக்காலத்திற் பளிங்குகளாகவே விற்கப்பட்டன. சோடியம் காபனேற்றுப் பளிங்கின் நிறையில் நூற்றுக்கு 63 பங்கு நீர்; சோடியம் சல்பைற்றுப் பளிங்கில் சரிபாதி நீர். திறந்த பெட்டியில் இருக்கும்போது இப்பளிங்குகள் நீரை இழந்து வெண்பொடியாகப் பூத்துவிடும். ஆகவே, புதிய பளிங்கில் ஓர் இறாத்தல் நிறுத்தெடுத்தவருக்கும் பூத்துப்போன பொடியில் ஓர் இறாத்தல் நிறுத்தெடுத்தவருக்கும் கிடைத்த உப்பு ஒன்றன்று. பின்னவருக்கு இரு மடங்கும் அதற்கு மேலும் கிடைத்திருக்கலாம். தராசு நிறையைச் சரியாகவே காட்டிற்று. ஆயின் அந்நிறையில் நீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதைக் காட்டவில்லை. இக்காரணத்தால் அமெரிக்க நிழற்பட நிலையங்களில், சல்பைற்றையும் காபனேற்றையும் தனித்தனியாகக் கரைத்து, நீரமானி குறித்ததோர் எண்ணைக் காட்டும்வரை நீரைச் சேர்க்கும் முறை பெருவழக்காயிற்று. தகடுகளை ஆக்கியோர் தந்த குறிப்புக்களிலும் நிறைக்குப் பதிலாக நீரமானி எண்கள் இடம்பெற்றன. கரைந்த பின்னர் பளிங்கின் நீருக்கும் குழாயின் நீருக்கும் வேறுபாடு இல்லையாதலின், நீரமானி உப்பின் உண்மையான செறிவையே காட்டிற்று.

இங்கும் ஒரு விலக்குண்டு. சல்பைற்று காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சல்பேற்றாக மாறும் இயல்புடையது. அவ்வாறு மாறும்போது அதன் பாரம் குறைவதில்லை, கூடுகின்றது. 126 பங்கு சல்பைற்று 142 பங்கு சல்பேற்றாகின்றது. உருத்துலக்கியைக் காக்கும் திறனோ முற்றாக அழிந்துவிடுகின்றது. நீரை இழந்த உப்பைக் கண்டுபிடித்த அதே கருவி, இயல்பை இழந்த உப்பை நல்லதெனவே சான்று பகர்ந்தது.

மேலும், முன்னர் குறிப்பிட்ட அளவுத்திட்டக் குழப்பமும் இக்காலத்து நூல்களைப் பயில்வோரை இடர்ப்படுத்துகின்றது. பழைய குறிப்பொன்றில் ‘நீரமானி 40’ என மட்டும் காணப்படுமாயின், அது துவாடல் பாகையெனில் தன்னீர்ப்பு 1.200, போமே பாகையெனில் ஏறத்தாழ 1.38, வெள்ளிமானியின் கிறெயின் கணக்கெனில் ஏறத்தாழ 1.075. எண் ஒன்றே, பொருள் மூன்று. அந்த முறையை இன்று மீளச் செய்து பார்க்க விரும்பும் ஆய்வாளரும், பழைய படங்களைப் பேணும் பொறுப்புடையோரும், குறிப்பு எங்கே எழுதப்பட்டது, எத்தொழிலின் வழக்கைப் பின்பற்றிற்று என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். கல்வெட்டில் வரும் ஆட்சியாண்டை எந்த மன்னனுக்குரியது எனத் துணியாமல் காலக் கணக்கில் சேர்த்தல் எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு அளவுத்திட்டம் அறியாத எண்ணைக் கையாளுதல்.

நிலைபேறு என்னும் பிரச்சினை

கரைசல்களைப் பற்றிய கவலை வெறும் சிக்கனக் கவலையன்று. படங்கள் மறைந்து போயின என்பதே அதன் ஆழ்ந்த வேர். 1855இல் இலண்டன் நிழற்படச் சங்கம் படங்கள் மங்குவதன் காரணத்தை ஆராய ஒரு குழுவை நியமித்தது. இளவரசர் அல்பேட்டு அதற்கு 50 பவுண் உதவினார். போதியவாறு கழுவப்படாமையால் தாளில் எஞ்சிய ஹைப்போவும், கந்தகத்தின் தாக்கமும் முதன்மையான காரணங்கள் என அக்குழு கண்டது.

பலமுறை பயன்பட்டுக் களைத்த ஹைப்போக் கரைசலும் அத்தகைய கேட்டுக்குக் காரணமாகும். ஒரு லீற்றரில் 250 கிராம் ஹைப்போப் பளிங்குடைய புதிய கரைசலின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.12. பயன்படப் பயன்பட, தகடுகள் கொணரும் நீரால் அது ஐதாகின்றது. கரைந்த வெள்ளியால் பாரம் கூடுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமிடத்து நீரமானி மாற்றமெதனையும் காட்டாது. ஆனால் வெள்ளி மிகுந்த அக்கரைசல் படத்தில் கழுவ முடியாத வெள்ளிச் சேர்வைகளை விட்டுச் செல்லும். அன்று குற்றமெதுவும் புலப்படாது. ஆண்டுகள் பல சென்ற பின்னரே கறை தோன்றும். இத்தவற்றின் இழப்பைச் சுமப்பவர் படத்தை எடுத்தவரல்லர். பாட்டனின் முகத்தைக் காண விழையும் பேரனும், அழிந்த கோயிலொன்றின் வடிவைத் தேடும் வரலாற்று மாணவனுமே அதனைச் சுமக்கின்றனர்.

கரைசலின் அடர்த்தியிலிருந்து விம்பத்தின் அடர்த்திக்கு

1890ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. இங்கிலாந்தின் காரக் கைத்தொழிலிற் பணியாற்றிய ஃபெடினன்று ஏட்டர் என்னும் இரசாயனவியலாளரும் வீரோ திறிபீல்டு என்னும் பொறியியலாளரும் நிழற்படத் தகடுகளின் உணர்திறன் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டனர். தகட்டில் விழுந்த ஒளியின் அளவுக்கும் அதனால் விளைந்த கருமைக்கும் உள்ள தொடர்பை அவர்கள் வளைகோடாக வரைந்தனர். அக்கருமைக்கு அவர்கள் இட்ட பெயரும் ‘அடர்த்தி’ என்பதே. ஆனால் இது திரவத்தின் அடர்த்தியன்று; ஒளியை மறிக்கும் விம்பத்தின் அடர்த்தி.

ஒரே சொல்லின் இப்பொருள் மாற்றம் ஆழ்ந்த கருத்து மாற்றமொன்றைச் சுட்டுகின்றது. அதுவரை கலைஞர், ‘கரைசல் சரியானதா?’ என வினவி, அது சரியெனிற் படமும் சரியாகும் என நம்பினர். ஏட்டரும் திறிபீல்டும் வகுத்த வழியோ, அளவறிந்த ஒளி பட்ட தகடொன்றைக் கரைசலில் இட்டு, விளைந்த கருமையை அளந்து, ‘கரைசல் என்ன செய்தது?’ என வினவுவதற்கு இடமளித்தது. காரணத்தை அளத்தலிலிருந்து காரியத்தை அளத்தலுக்கு நிழற்பட அறிவியல் நகர்ந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் சினிமாப் படச்சுருள்கள் ஆயிரக்கணக்கான அடி நீளத்தில் தொட்டிகளூடாக ஓடத் தொடங்கியபோது இந்நகர்வு தவிர்க்க முடியாததாயிற்று. கொடாக்கு நிறுவனம் 1920களின் பிற்பகுதியில் வெளியிட்ட டி-76 என்னும் உருத்துலக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் ஒரு லீற்றரில் மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். மொத்தம் 109 கிராம். இவற்றுள் 100 கிராம் சல்பைற்றேயாதலின் கரைசலின் தன்னீர்ப்பைத் தீர்மானிப்பதும் அதுவே. கலப்பவர் மெற்றோலை மறந்துவிட்டாலும் நீரமானி அதனை அரிதாகவே உணரும். ஆனால் அந்த இரண்டு கிராம் இன்றேல் அக்கரைசல் படத்தைத் துலக்கும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடும். பாரத்திற் சிறியது பயனிற் பெரியதாகவும், பாரத்திற் பெரியது துணையாகவும் அமைந்த இக்கலவை, தன்னீர்ப்பின் எல்லையை எளிதில் விளக்குகின்றது. 1938இல் இறால்பு எவன்சு, ஓயாது இயங்கும் தொட்டியொன்றில் உருத்துலக்கியை நிரப்புவது பற்றி எழுதிய ஆய்வும், அதனையொட்டி வளர்ந்த இரசாயனப் பகுப்பு முறைகளும், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அளக்க வேண்டிய தேவையை நிலைநாட்டின.

இதனால் நீரமானி கைவிடப்பட்டது என எண்ணுதல் தவறு. 1972இல் அறிமுகமான சி-41, அதனை அடுத்து 1970களிலேயே வந்த ஈ-6 ஆகிய நிறப்படச் சுருள் முறைகளுக்குரிய கையேடுகளில், ஒவ்வொரு கரைசலுக்கும் உரிய தன்னீர்ப்பும் அதற்குரிய வெப்பநிலையும் அட்டவணைப்படுத்தப்பட்டன. அங்கு நீரமானியிடம் கேட்கப்பட்ட வினா அளவானது. பொதியிலுள்ளவற்றுள் ஏதேனும் ஒரு பகுதி சேர்க்கப்படாமல் விடப்பட்டதா? நீர் கூடிற்றா, குறைந்ததா? தொட்டி ஆவியாகிச் செறிந்துள்ளதா? இவ்வினாக்களுக்கு நீரமானியினும் விரைவாகவும் செலவின்றியும் விடைதரும் கருவி வேறில்லை. கரைசலின் செயலாற்றலை அறிவதற்கோ, தொழிற்சாலையிலேயே அளவாக ஒளியூட்டப்பட்ட சோதனைத் துண்டுகள் தொட்டியில் இடப்பட்டு அவற்றின் விம்ப அடர்த்தி அளக்கப்பட்டது. போமேயின் மரபும் ஏட்டர், திறிபீல்டு ஆகியோரின் மரபும் ஒரே மேசையில் அருகருகே இடம்பெற்றன.

முடிவுரை

இலங்கையில் இறப்பர்த் தோட்டங்களில் பாலின் செறிவை அறிய வழங்கும் மெற்றோலாக்கு எனும் கருவியும் நீரமானியே. பாலில் நீர் கலந்துள்ளதா என அறியப் பயன்படும் பால்மானியும் அவ்வாறே. பால்மானியின் குறையும் ஊரறிந்தது. கொழுப்பை எடுத்துவிட்டால் பால் பாரமாகும். நீரைச் சேர்த்தால் இலேசாகும். இரண்டையும் செய்தவர் கருவியை ஏமாற்றலாம். நிழற்படத் தொட்டியில் இதே நிகழ்ச்சி எவருடைய வஞ்சகமுமின்றி இயற்கையாகவே நடைபெற்றது.

ஆகவே இவ்வரலாறு உணர்த்துவது நீரமானி பயனற்றது என்பதன்று. ஒரு பொருள் மட்டும் கரைந்துள்ள தூய கரைசலில் தன்னீர்ப்பு முழு விடையாகும். பல பொருள்கள் கலந்து நாள்தோறும் மாறும் கரைசலில் அது ஒரு சான்று மட்டுமே. ஏனைய சான்றுகளோடு வைத்து ஆராயப்பட வேண்டியது. அளவுத்திட்டம், வெப்பநிலை, கரைசலின் வயது ஆகியவற்றை அறிந்தவருக்கே அதன் எண் பொருள் தரும். ஆவணமொன்றை அது எழுந்த சூழலோடு வைத்துப் படிக்கும் வரலாற்று மாணவனின் பயிற்சியும், கரைசலொன்றின் எண்ணை அதன் வரலாற்றோடு வைத்துப் படித்த அந்தப் பழைய நிழற்படக் கலைஞனின் பயிற்சியும் அடிப்படையில் ஒன்றே. அப்பயிற்சி பெற்றோர் அளந்து பேணிய கரைசல்களிற் பிறந்த படங்களே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், காடு மூடிய தூபிகளையும் கழிந்துபோன தலைமுறைகளின் முகங்களையும் இன்று கண்முன் நிறுத்துகின்றன.